இரண்டு மணிக்குள் அரியலூர்

கடிதம் தெளிவாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி, அரியலூரில் ஒரு பள்ளிக்கூடம். ஆசிரியர் பணிக்கான சரிபார்ப்புக்கு அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும். வராதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். குடும்பத்தோடு வரவும் என்று எங்கும் போட்டிருக்கவில்லை. புவனேஸ்வரி இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.

பாடாலூரில் ஏறினால் பெரம்பலூர். அங்கே மாறினால் அரியலூர். பத்து மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்குப் போய் இறங்கி, ஒரு டீ குடித்து, வரிசையில் முதல் ஆளாக நிற்கலாம். இதை அவள் வீட்டில் சொன்னாள். மாமனார் செல்லதுரை கேட்டுக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் துண்டை உதறிக்கொண்டே வந்து, "வேன் பேசிட்டேன்" என்றார்.

"எதுக்கு மாமா வேன்?"

"எதுக்கா? பன்னண்டு வருசம் கழிச்சு வந்த வேலை. பஸ்ஸுல தொங்கிக்கிட்டா போவ?"

வேன் என்று ஆனதும் அதற்கு ஆள் சேர ஆரம்பித்தது. பொங்கலுக்கு வந்து பத்து நாளாகத் தங்கியிருந்த நாத்தனார் மலர்கொடிக்குப் புருசன் வீடு அரியலூருக்கு இந்தப் பக்கம். எப்படியும் அவளைக் கொண்டுபோய் விட்டாக வேண்டும். அவளோடு இரண்டு மூட்டை சின்ன வெங்காயம். அத்தனை தூரம் போகிறோம், கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்காமல் வரலாமா என்றார் செல்லதுரை. பெருமாளுக்கு ஒரு மூட்டை கம்பு. புவனேஸ்வரியின் கணவன் காசிநாதன் உரக்கடைக்கு லீவு சொன்னான். ஒன்பது வயது சண்முகப்பிரியா தன் பள்ளிக்கூடத்துக்குத் தானே லீவு சொல்லிக்கொண்டாள்.

கடைசியாகக் காலண்டரைப் பார்த்தார் செல்லதுரை.

"வியாழக்கெழம ரெண்டு மணி ராகுகாலமால்ல இருக்கு?"

"கவர்மென்ட்டு வச்சது மாமா. நம்ம என்ன பண்ண முடியும்?"

"பண்ணலாம். போற வழியில குலதெய்வத்துக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா ராகு ஒண்ணும் பண்ண மாட்டாரு."

அவள் கணவனைப் பார்த்தாள். காசிநாதன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புவனேஸ்வரிக்கு முப்பத்து மூன்று வயது. உடையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர் ஒன்றில் பிறந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்து, தொண்ணூற்று நாலு ஜூலையில் திருச்சிக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள். அடுத்த வருடம் பெரம்பலூர் தனி மாவட்டமானது. பதிவு பெரம்பலூருக்குப் போனது. அவளும் பின்னாலேயே போய் வரிசையில் நின்று சரிபார்த்தாள். இரண்டாயிரத்து ஒன்றில் அரியலூர் தனி மாவட்டமானது. பிறந்த வீட்டு முகவரி அரியலூரில் விழுந்ததால் பதிவும் அங்கே விழுந்தது. மறுபடி வரிசை. மறுவருடமே அந்த மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். பதிவு திரும்பி வந்தது. மறுபடி வரிசை.

இது போக, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விட்டால் பதிவு மூப்பு போய்விடும். தொண்ணூற்று ஏழு ஜூலையில் சண்முகப்பிரியா வயிற்றில் ஒன்பது மாதம். "புள்ளையப் பெத்துட்டுப் போயி புதுப்பிச்சா ஆவாதா?" என்று மாமனார் கேட்டார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போய்ப் புதுப்பித்து வந்தாள். இரண்டாயிரத்தில் "நான் பாத்துக்கறேன்" என்று காசிநாதன் சொன்னான். பார்த்துக்கொள்ளவில்லை. கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது அவளே ஓடினாள். அதற்குப் பிறகு சான்றிதழ் ஃபைலை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. பழுப்பு அட்டை, சிவப்பு நாடா. பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கும். பாடாலூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஒன்பது வருடமாக யூகேஜி எடுக்கிறாள். அங்கே அவளிடம் அ எழுதிய பிள்ளைகள் இப்போது ஏழாவது, எட்டாவது படிக்கிறார்கள். வழியில் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்காமலே "குட்மார்னிங் மிஸ்" என்கிறார்கள்.

வேன் சொன்னபடி எட்டு மணிக்கே வந்துவிட்டது. ஓட்டுநர் மாயவனைக் குறை சொல்ல முடியாது. வெங்காயத்தை ஏற்றி, கம்பை ஏற்றி, மலர்கொடியின் மூன்று பைகளை ஏற்றி, புளிச்சோற்றுத் தூக்கை ஏற்றி, ஆட்கள் ஏறி முடித்தபோது ஒன்பதே முக்கால்.

"காலை எங்க அண்ணி வக்கிறது?" என்றாள் மலர்கொடி.

"உன் வெங்காயத்து மேலயே வையி."

புவனேஸ்வரி ஃபைலை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

பெரம்பலூர் வரை பெரிய ரோடு. தொந்தரவில்லை. பெரம்பலூரைத் தாண்டி அரியலூர் ரோட்டில் திரும்பியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடு விரிந்தது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பருத்தி. பருத்தி முடிந்த இடத்தில் மக்காச்சோளம். அதற்கப்பால் ஒன்றுமில்லாத வானம். மரம் என்று பார்த்தால் கிலோமீட்டருக்கு ஒரு வேலிக்கருவை. மற்றவர்களுக்கு ரோடு ஊருக்குப் போவதற்கு. செல்லதுரைக்கு ரோடு காடு பார்ப்பதற்கு.

"மாயவா, ஓரங்கட்டு."

அவர் இறங்கி, யாருடையதென்றே தெரியாத பருத்திக்குள் நுழைந்தார். ஒரு செடியைப் பிடித்து வெடித்த காய்களை எண்ணினார். தூரத்தில் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன வெத?" என்று கத்தினார் செல்லதுரை.

அவன் ஏதோ சொன்னான்.

"எத்தன எடுப்பு ஆச்சு?"

அதற்கும் சொன்னான். அதற்குள் காசிநாதனும் இறங்கிப் போயிருந்தான். அப்பா காயைப் பார்ப்பார். மகன் இலையைத் திருப்பிப் பூச்சியைப் பார்ப்பான். எந்த மருந்து அடித்தார்கள் என்று கேட்பான். எது சொன்னாலும், "அது தப்பு. அதை ஏன் அடிச்சீங்க?" என்பான். அதை விளக்க ஐந்து நிமிடம்.

"ஏங்க, மணி பத்தே முக்கால்" என்று வேனிலிருந்து புவனேஸ்வரி கூப்பிட்டாள்.

"ரெண்டு மணிக்குத்தானே?" என்றான் அவன், நியாயமாக.

அந்தக் காட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் போனதும் மக்காச்சோளம். அப்புறம் ஒரு துவரை. அப்புறம் ரோட்டின் மேலேயே கொள்ளுச் செடியைப் பிடுங்கிப் பரப்பியிருந்தார்கள். வருகிற வண்டிகள் ஏறி ஏறிக் கொள்ளு உதிரும். மாயவன் அதை விட்டு ஒதுங்கி ஓட்டப் பார்த்தான்.

"ஏன்டா ஒதுங்குற? அவன் போட்டதே நீ ஏறத்தான். ஏறிப் போ."

ஏறிப் போனான்.

"ஓரத்துல உதிரவே இல்ல பாரு. பின்னால வந்து இன்னொரு தரம் ஏறு."

"மாமா!" என்றாள் புவனேஸ்வரி.

"பொம்பள ஒருத்தியா நின்னுக்கிட்டிருக்கா. நம்ம சக்கரம் தேஞ்சா போயிடும்?"

வேன் பின்னால் வந்தது, முன்னால் போனது. சண்முகப்பிரியாவின் முகம் வெளுத்தது. "அம்மா, வருது" என்றாள். வெங்காய மூட்டையில் கொஞ்சமும் ரோட்டில் மீதியுமாக வந்தது.

குலதெய்வக் கோயில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே நாலு கிலோமீட்டர் மண் பாதையில் இருந்தது. காட்டு நடுவில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் சிமென்ட்டில் ஒற்றை அறை, கம்பிக் கதவு, உள்ளே கருப்புசாமி. பூசாரி பிச்சைமுத்து வாசலில் தயாராக நின்றார். அவருக்கும் அவசரம். அவருடைய பருத்தியை ஏற்ற லாரி வருகிற நாள்.

"சட்டுனு முடிச்சுக்குவோம் பெரியப்பா" என்றார் பிச்சைமுத்து. புவனேஸ்வரிக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது.

செல்லதுரை அவள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "அதக் குடு."

"எத?"

"ஃபைல. சாமி காலடியில வச்சு எடுக்கணும்ல?"

அவள் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். "ஜெராக்ஸ் ரெண்டு செட்டு எடுத்திருக்கேன் மாமா. இத வைங்க."

செல்லதுரை அவளைப் பார்த்தார். காசிநாதனைப் பார்த்தார். பூசாரியைப் பார்த்தார்.

"சாமிக்கு ஜெராக்ஸா?"

பூசாரியே கொஞ்சம் சங்கடப்பட்டமாதிரி இருந்தது. மலர்கொடி சிரித்துவிட்டாள். "குடுத்துடு அண்ணி. அஞ்சு நிமிசம். சாமி என்ன டீச்சர் வேலைக்கா போவப் போவுது?"

காசிநாதன் சொன்னான்: "நான் நிக்கிறேன்ல? பாத்துக்கறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டபோதே அவள் விலகியிருக்க வேண்டும். ஆனால் சண்முகப்பிரியா மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள். சட்டையெல்லாம் நாற்றம். ஃபைலை மாமனார் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு, பக்கத்துக் காட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்ட திசையில் நடந்தாள். பக்கம் என்று தெரிந்தது பக்கமாக இல்லை. மக்காச்சோளத்துக்குள் வரப்பைப் பிடித்துப் போய், தொட்டித் தண்ணீரில் பிள்ளையைக் கழுவி, சட்டையை அலசிப் பிழிந்து, திரும்பி வந்தபோது பன்னிரண்டேகால்.

எல்லோரும் வேனுக்குள் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் விபூதி. கோயில் கம்பிக் கதவில் பூட்டு.

"ஃபைல் எங்க?"

காசிநாதன் அப்பாவைப் பார்த்தான். "பூசாரி அப்பாகிட்டதானே குடுத்தாரு?"

"என்கிட்ட எங்க குடுத்தான்? விபூதிதான் குடுத்தான். நீ வாங்கலியா?"

"நீங்க முன்னால நின்னீங்க."

"நீதானடா பாத்துக்கறேன்னு சொன்ன?"

மலர்கொடி கையைக் கழுவிக்கொண்டே, "நான் அண்ணன் வாங்கியிருக்கும்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

புவனேஸ்வரி கம்பிக் கதவுக்குப் போனாள். உள்ளே இருட்டில் ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில், கருப்பின் காலடியில், இரண்டு எலுமிச்சம்பழத்துக்கு நடுவே, அவளுடைய பன்னிரண்டு வருடம் இருந்தது. விளக்குக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கலாம். கம்பிக்குள் கையை விட்டாள். தோள் வரைக்கும் போனது. இன்னும் ஐந்தடி வேண்டும்.

"பூசாரி எங்க?"

"டிவிஎஸ்ல போயிட்டாரு அக்கா" என்றான் மாயவன். "லாரி வந்துடுச்சுன்னு ஆள் வந்து கூப்பிட்டான். சாவிய இடுப்புல சொருவிக்கிட்டுப் போனாரு."

காசிநாதன் பூசாரியின் செல்லுக்கு அடித்தான். கையைத் தூக்கி அடித்தான். வேப்பமரத்தைச் சுற்றி வந்து அடித்தான். டவர் இல்லை. அவருடைய காடு எது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கிழக்கே என்றார் செல்லதுரை. கிழக்கே பார்த்தார்கள். அரியலூர் வரைக்கும் பருத்தி.

"ஒரு மணிநேரத்துல ஏத்திட்டு வந்துடுவான்" என்றார் செல்லதுரை. "சாமிகிட்டதானே இருக்கு? எங்க போயிடப் போவுது?"

"மாமா, ரெண்டு மணிக்கு நான் அங்க இருக்கணும். இல்லன்னா பேரை அடிச்சுடுவாங்க."

"சாமிகிட்ட வச்ச பேரை எவன் அடிப்பான்?"

புவனேஸ்வரி கதவிலிருந்து திரும்பினாள். சுற்றிலும் பார்த்தாள். பூட்டை உடைக்க ஒரு கல்கூட இல்லாத பூமி. பாதையில் ஒரு பெண் ஏழெட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். தோளில் துறட்டி. மரத்தில் தழை பறிக்கிற நீள மூங்கில், நுனியில் வளைந்த இரும்பு. புவனேஸ்வரி அவளை நோக்கி ஓடினாள்.

"அக்கா, ஒரு நிமிசம் இதக் குடுங்க."

"எதுக்கு ஆத்தா?"

"உள்ள ஒண்ணு மாட்டிக்கிச்சு."

அந்தப் பெண்ணின் பெயர் கலியம்மாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆடுகளை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள், வேடிக்கை பார்க்க.

துறட்டி கம்பிக்குள் நுழைந்ததும் செல்லதுரை எழுந்து ஓடிவந்தார். "ஏய், ஏய்! தொறட்டிய உள்ள வுடாத! சாமி இருக்கு!"

"சாமி இருக்கட்டும் மாமா. நான் ஃபைல எடுத்துக்கறேன்."

"ஆடு மேய்க்கிற தொறட்டி அது! தீட்டு! டேய் காசி, சொல்றா!"

"புவனா…" என்றான் காசிநாதன்.

"நீங்க பேசாதீங்க" என்றாள். பத்து வருடக் கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரும்பு அட்டையின் மேல் உரசியது. நாடாவுக்குள் நுழைய மறுத்தது. ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு போனது. "கொஞ்சம் கீழ எறக்கு ஆத்தா. இடது பக்கம். இப்ப திருப்பு" என்று கலியம்மாள் பின்னாலிருந்து சொல்லிக்கொடுத்தாள். திருப்பினாள். நாடா மாட்டியது. இழுத்தாள். ஃபைல் நகர்ந்து அகலில் முட்டியது. விளக்கு சாய்ந்தது. எண்ணெய் அட்டைமேல் கொட்டியது; அதன்மேல் திரி, இன்னும் எரிந்தபடி.

யாரோ கத்தினார்கள். அவள் கத்தவில்லை. ஒரே இழுப்பாக இழுத்தாள். திரி வழியில் விழுந்து அணைந்தது. ஃபைல் கம்பிக்கு இந்தப் பக்கம் வந்தது.

மணி ஒன்று ஐந்து.

"தீபத்த அணச்சிட்டியேம்மா" என்றார் செல்லதுரை.

அவள் கேட்காததுபோல வேனில் ஏறினாள். மாயவன் ஏற்கெனவே வண்டியைக் கிளப்பியிருந்தான்.

மெயின் ரோட்டை அடைந்ததும் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக. ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று. வெள்ளைத் தூசு கண்ணாடியில் படிந்தது. புவனேஸ்வரி முந்தானையால் மதிப்பெண் பட்டியலை ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒற்ற ஒற்ற எண்ணெய் பரவியது. பயிற்சிச் சான்றிதழின் கால்வாசி கண்ணாடிபோல ஆகி, பின்னால் இருந்த விரல் தெரிந்தது.

"சாமி எண்ணெ. நல்லதுதான்" என்றார் செல்லதுரை, முன்னால் திரும்பாமல். சற்று நேரம் கழித்து, "அந்த மக்காச்சோளம் பாத்தியாடா, கருது ஒவ்வொண்ணும் கைநீளம்" என்றார்.

மலர்கொடி மெல்ல, "அண்ணி, அடுத்த நிறுத்தம் எங்க ஊரு. ரெண்டே நிமிசம். மூட்டைய மட்டும் எறக்கிட்டு…"

"மாயவா, நிறுத்துனன்னா நான் எறங்கி லாரியில ஏறிப் போயிடுவேன்."

மாயவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். மலர்கொடியின் ஊர் வந்தது, ஊர்ப் பலகை வந்தது, பஸ் நிறுத்தத்தில் அவளுக்காகச் சைக்கிளோடு காத்துக்கொண்டிருந்த அவள் புருசன் வந்தான், போனான்.

"ஐயோ, அவரு கை காட்டுறாரு!" என்றாள் மலர்கொடி.

"நீயும் காட்டு" என்றாள் புவனேஸ்வரி.

பள்ளிக்கூட வாசலில் ஒன்று ஐம்பத்தாறு. "வலது காலை மொதல்ல…" என்று செல்லதுரை தொடங்கியபோது அவள் உள்ளே பாதி தூரம் போயிருந்தாள்.

வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி மேசை போட்டிருந்தார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டபோது இரண்டு பத்து. மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஓய்வுபெறும் வயதை ஒட்டியவர். ஃபைலைத் திறந்தார். விரலை முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது? பஜ்ஜி மடிச்ச மாதிரி இருக்கு."

"கோயில்ல… விளக்கு சாஞ்சிடுச்சு சார்."

"ஒரிஜினல எதுக்கும்மா கோயிலுக்குக் கொண்டுபோறீங்க?"

"ஜெராக்ஸ்தான் சார் குடுத்தேன். வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க."

அவர் தலையை நிமிர்த்தி அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒவ்வொரு தாளாக ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எண்கள் தெரிந்தன. முத்திரை தெரிந்தது. கையெழுத்தில் பாதி தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் தலையாட்டினார். பேனா எடுத்து வரிசையாக டிக் போட்டார். அந்தச் சத்தத்தை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இது ஒண்ணு பாக்கி" என்று ஒரு படிவத்தை நகர்த்தினார். "எந்த மாவட்டத்துல போஸ்டிங் போட்டாலும் சம்மதமான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

ஜன்னலில் நிழல் விழுந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு காசிநாதன். அவனுக்குப் பின்னால் செல்லதுரையின் தலைப்பாகை.

"பெரம்பலூர்னு போடு புவனா" என்றான் காசிநாதன்.

"வூட்டுலேர்ந்து போயிட்டு வர்ற மாதிரி பாடாலூர் பக்கமா கேளும்மா" என்றது தலைப்பாகை. "சார், சார், நம்ம புள்ளதான். பக்கமா பாத்துப் போடுங்க."

"அப்படியெல்லாம் கேக்க இதுல எடமில்லைங்க" என்றார் அவர் பொறுமையாக. "ஆம், இல்லை. ரெண்டுதான்."

"இல்லைன்னு போட்டா?" என்றான் காசிநாதன்.

"உள்ளூர்ல காலியானா கூப்பிடுவாங்க. எப்பன்னு நான் சொல்ல முடியாது."

ஜன்னலில் அப்பாவும் மகனும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு காசிநாதன், "அப்ப ஒண்ணு பண்ணு புவனா. வெளில வா. நாலு பேரும் கலந்து பேசிட்டு, ஒரு பத்து நிமிசத்துல…"

புவனேஸ்வரி பேனாவை எடுத்தாள். எண்ணெய் விரலில் வழுக்கியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, 'ஆம்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். அதன் கீழே பெயரை முழுதாக எழுதினாள்.

மேசைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "வீட்ல கலந்துக்கலையாம்மா?"

"கலந்தாச்சு சார்" என்றாள்.